கூத்துக்குக் கூடிப் போவோம்

சேலத்தை விட்டு வடக்கே கிளம்பும் 44ஆம் எண் நெடுஞ்சாலை, தொப்பூர்க் கணவாயில் ஏறத் தொடங்கும்போதே தர்மபுரி மாவட்டத்துக்குள் வந்துவிடுகிறது. இந்த வழியில் போகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தர்மபுரி பெங்களூருக்கும் சேலத்துக்கும் நடுவே கடந்துபோகிற ஊர். இறங்குகிறவர்கள் ஒகேனக்கல் அருவிக்காக இறங்குகிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, பரிசலில் சுற்றி, வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிறார்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் இந்த மாவட்டத்தின் பெரிய கலை தொடங்குகிறது. பங்குனியில் பிறந்து வைகாசி வரைக்கும், சில ஊர்களில் ஆடி வரைக்கும்கூட, திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. கொடியேற்றி, துகிலுரிதல் முடிந்து, அர்ச்சுனன் தபசு மரம் ஏறி, அரவான் களபலியும் கர்ண மோட்சமும் கடந்து, கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் விழும்வரை நடக்கிற விழா அது. பல ஊர்களில் பதினெட்டு நாள், சில ஊர்களில் அதற்குக் குறைவு. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: இந்தக் கூத்தை நகரத்து அரங்குக்கு அழைத்துவந்து பார்ப்பதைவிட, ரசிகர்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, கூட்டமாக, இந்த ஊர்களுக்குப் போய் விடியும்வரை உட்கார்ந்து பார்ப்பதே கூத்தையும் அதைக் கட்டிக் காக்கிற மூத்த வாத்தியார்களையும் தாங்கும்.

அப்படிப் போகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். பென்னாகரம், பாலக்கோடு, அரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெங்களூரின் கட்டட வேலைக்கும் திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும் போனவர்கள் ஏராளம். மழையை நம்பிய மேட்டுக்காட்டு வெள்ளாமை ஒரு குடும்பத்தை வருசம் முழுக்கத் தாங்காது என்பதால் போனவர்கள். பொங்கலுக்கு வரமுடியாதவர்களும் பாரதத்துக்கு வரப் பார்க்கிறார்கள். கொடி எப்போது ஏறுகிறது, எந்த ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, வெற்றிலை பாக்கு வைத்திருக்கிறார்கள், பதினெட்டாம் போருக்குத் துரியோதனன் வேஷம் யார் கட்டுகிறார் என்பதை விசாரித்துவிட்டுத்தான் மேஸ்திரியிடம் லீவு கேட்கிறார்கள். பக்கத்து ஊரில் தமக்குப் பிடித்த வாத்தியார் ஆடுகிறார் என்றால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வண்டியெடுத்துப் போகிறவர்களும் உண்டு. எவருடைய குரல் நாலாம் சாமத்திலும் உடையாது, எவர் கர்ணனாக வந்தால் பெண்கள் அழுவார்கள், எந்த மிருதங்கக்காரர் அடவுக்கு அடவு ஒட்டி வாசிப்பார் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துபடி. சபாக்களின் முன்வரிசையில் உட்காருகிற ரசிகருக்கு எந்த விதத்திலும் குறையாத ஞானம் இது. பத்திரிகையில் விமர்சனமாக அச்சேறாததால் அதை ஞானமாக நாம் கணக்கில் எடுப்பதில்லை.

ரசிகர்கள் கூடிப் பயணம் போவது ஒரு கலைக்கு என்ன செய்யும் என்பதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டியது ப்ளூஸ் இசை. அமெரிக்கத் தெற்கின் பருத்திக் காடுகளில் கறுப்பின உழைப்பாளிகளிடம் பிறந்த பாட்டு அது. 1962இல் ஜெர்மனியிலிருந்து இரண்டு அமைப்பாளர்கள் ஜான் லீ ஹூக்கர், டி-போன் வாக்கர், மெம்பிஸ் ஸ்லிம் முதலிய மூத்த கலைஞர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துவந்தார்கள். இங்கிலாந்தில் அக்டோபர் 21ஆம் தேதி மான்செஸ்டரில் கச்சேரி. செய்தி தெரிந்த லண்டன் இளைஞர்கள் சிலர் பேசிவைத்துக்கொண்டு ஒரு வேனில் கிளம்பிப் போனார்கள். மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ், பிரையன் ஜோன்ஸ், ஜிம்மி பேஜ் ஆகியோர் அந்தக் கச்சேரியில் இருந்தார்கள். அன்றைக்கு அவர்கள் வெளியே பெயர் தெரியாத பையன்கள். அதுவரை இசைத்தட்டில் மட்டும் கேட்ட விரல்களை நேரில் பார்த்தார்கள். தங்களைப் போலவே இந்த இசைக்காக ஏங்குகிறவர்கள் வேறு ஊர்களிலும் இருக்கிறார்கள் என்பதையும் அன்றுதான் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் அவர்களில் மூவர் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவாக உலகப் புகழ் பெற்றார்கள். 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்கு அழைப்பு வந்தபோது, ஹவ்லின் உல்ஃப் என்ற மூத்த ப்ளூஸ் பாடகரும் அதே மேடையில் பாட வேண்டும் என்று வற்புறுத்தி அதை நடத்திக்காட்டினார்கள். 1970இல் தங்கள் ஐரோப்பியப் பயணத்தில் பட்டி கய் என்ற கித்தார் கலைஞரைக் கூட்டிப்போனார்கள். வேனில் கூடிப் போன ரசிகர்கள், பெற்றதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்தப் பட்டி கய் 1936இல் லூசியானாவின் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1957இல் சிகாகோவுக்கு வந்தார். 1989இல் அங்கே 'லெஜண்ட்ஸ்' என்ற இசைக்கூடத்தைத் திறந்தார். ஆண்டுதோறும் ஜனவரியில், கடுங்குளிரில், தொடர்ச்சியாகப் பல இரவுகள் அங்கே அவரே வாசிப்பது வழக்கமாயிற்று. அந்த ஜனவரிக்காக வெவ்வேறு ஊர்களிலிருந்தும் நாடுகளிலிருந்தும் ரசிகர்கள் முன்கூட்டியே சேதி சொல்லிக்கொண்டு வந்து கூடுகிறார்கள். மும்பையில் 2011இல் தொடங்கிய மகிந்திரா ப்ளூஸ் விழாவுக்கும் அவர் பல முறை வந்திருக்கிறார்; பாந்திராவின் மெஹபூப் ஸ்டுடியோவில் அவரைக் கேட்க இந்தியாவின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் ஆட்கள் போனார்கள். ஆனாலும் சிகாகோவின் ஜனவரி இரவுகளுக்கு உள்ள மதிப்பு தனி. கலைஞர் தன் இடத்தில் இருக்கிறார். ரசிகர் அவர் இருக்கும் இடத்துக்கு வருகிறார். அவருடைய மேடையில் இளைய கலைஞர்கள் ஏறுகிறார்கள், வந்தவர்கள் அவர்களையும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு மூத்தவரைச் சுற்றி அடுத்த தலைமுறைக்கு மேடையும் சம்பளமும் கிடைக்கிறது.

இனி, பதிவுகள் இருக்கும்போது பயணம் எதற்கு என்ற கேள்வி. தர்மபுரி, சேலம் வட்டாரத்துக் கூத்துகள் இன்று யூடியூபில் முழு இரவு அளவுக்கே கிடைக்கின்றன. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை தன் ஊர்ப் பாரதத்தைக் கைப்பேசியில் பார்க்கிறான். அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பதிவு கலைஞரின் வயிற்றை எட்டுவதில்லை என்பதற்கு மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் வாழ்க்கையே சாட்சி. 1928இல் அவர் பாடிய இசைத்தட்டுகள் வெளியாயின. அவற்றைத் தேடிச் சேர்த்தவர்கள் அவருடைய விரல்நடையை மனப்பாடம் செய்தார்கள். அவரோ ஆவலான் என்ற சிற்றூரில் முப்பத்தைந்து ஆண்டுகள் காட்டு வேலை செய்துகொண்டிருந்தார். 1963இல் ஒரு ரசிகர், அவருடைய பாட்டிலேயே ஊர்ப்பெயர் வருவதைப் பிடித்துக்கொண்டு, வரைபடம் பார்த்துப் போய்ச் சேர்ந்தபோதுதான் அவருக்கு மறுபடி மேடை கிடைத்தது. 1966இல் இறந்துவிட்டார். ரசிகர்கள் நேரில் போன பிறகு அவருக்குக் கிடைத்தது மூன்று ஆண்டுகள். முன்பே போயிருந்தால் எத்தனை ஆண்டுகள் கிடைத்திருக்கும்! நம் பக்கத்தில் இதைவிடக் கொடிய சான்று இருக்கிறது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. பாரதம் தொடங்கும் பருவம் அது. அந்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் திருவிழாக்கள் நின்றுபோயின. கூத்துக் காணொளிகள் அப்போதும் இணையத்தில் இருந்தன, வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் பார்க்கவும் செய்தார்கள். வேஷம் கட்டுகிறவர் வீட்டில் கூலி இல்லை. ஆறேழு மாதக் கூத்தில் சேர்ப்பதைக்கொண்டு வருசத்தை ஓட்டுகிற குடும்பங்கள் அவை. மற்ற மாதங்களில் கிடைக்கிற கூலி வேலையும் அப்போது இல்லை. எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை அவர்கள் அடுப்பை எரிக்கவில்லை.

கலைஞரை நேரில் காண்பதன் அருமையை இந்த மண்ணே முன்பு சொல்லியிருக்கிறது. தொப்பூரிலிருந்து தர்மபுரிக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் அதியமான்கோட்டை வருகிறது. காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமியில் கூட்டம் நெரிகிற ஊர். அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூர் நாடு இது. அதியமான் என்றதும் ஔவையும் நெல்லிக்கனியும் நம் நினைவுக்கு வருகின்றன. இந்தக் கட்டுரைக்கு வேண்டியவர் ஔவையல்லர், பெருஞ்சித்திரனார் என்ற புலவர். வறுமையோடு மலைகளைக் கடந்து பரிசில் வேண்டி வந்தவர் அவர். அதியமான் அவரை நேரில் காணாமல், பொருளை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் வாங்க மறுத்தார். தன்னைப் பாராமல் தருகிற பொருளை வாங்கிப்போக தான் வியாபாரி அல்லன் என்றும், தன் தகுதியை அறிந்து கண்டு தந்தால் அது தினையளவானாலும் இனியது என்றும் சொன்னார். புறநானூற்றின் 208ஆம் பாட்டில் இது இருக்கிறது. புகழ் பெற்ற வள்ளலை நோக்கிப் பசித்த கலைஞர் ஒருவர் சொன்ன சொல் என்பதால் இதன் எடை கூடுகிறது. கலைக்கு நன்கொடை அனுப்புவதும் காணொளியை விரும்பிப் பகிர்வதும் காணாமல் கொடுப்பதே. வேண்டாமென்று சொல்லவில்லை, பசிக்கு அது உதவும். ஆனால் பார்க்கப்பட வேண்டும், தன் வித்தை தெரிந்தவர் முன்னால் ஆட வேண்டும் என்கிற கலைஞரின் தேவையை அது தீர்ப்பதில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இதே மண்ணில் ஒரு புலவர் கேட்டதை இன்றைக்கு வாத்தியார்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை என்பதால் அந்தத் தேவை இல்லாமல் போய்விடாது.

ஏன் அங்கேயே போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்குக் கூத்தின் கட்டுமானத்திலேயே காரணம் இருக்கிறது. இரவு பத்து மணி வாக்கில் மேளக்கட்டு ஒலிக்கும்போது வேஷக்காரர்கள் இன்னும் அரிதாரம் பூசிக்கொண்டிருப்பார்கள். ஒரு துரியோதனனுக்கு முகம் எழுதி, கிரீடமும் புஜக்கட்டைகளும் மார்ப்பதக்கமும் கட்டி முடிக்க நீண்ட நேரம் பிடிக்கும். அவர் வந்ததும் நேரே களத்துக்கு வருவதில்லை. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று, தான் யாரென்று பாடி, முதலில் கிரீடத்தையும் பிறகு காலையும் காட்டி, கோமாளியான கட்டியங்காரன் கேட்கிற கேள்விகளுக்கு மறுமொழி சொல்லி, கூட்டத்தின் பொறுமையை ஏற்றிக்கொண்டே போய்ப் பிறகு வெளிப்படுவார். கட்டியங்காரன் ஊரின் பஞ்சாயத்துச் சண்டையையும் தண்ணீர்த் தொட்டியையும் பாரதத்துக்குள் இழுத்துவருவான். நடுச்சாமத்தில் குழந்தைகள் தூங்கும், பெரியவர்கள் டீ குடித்துவிட்டு வருவார்கள், மொய் எழுதியவர் பெயரைக் களத்தில் சொல்வார்கள். கிழக்கு வெளுக்கிற நேரத்துக்குக் கணக்காகக் கர்ணன் தேரிலிருந்து சாய்வான். அந்த வேளையில் உறக்கமும் அழுகையும் கலந்து கிடக்கிற கூட்டத்தின் மேல் அந்தச் சாவு விழுகிறது. இதை எழுபத்தைந்து நிமிடமாகச் சுருக்கி மாலை ஆறரைக்குக் குளிர்சாதன அரங்கில் ஆடினால் மிஞ்சுவது உடையும் அடவும் சில பாட்டுகளும். சுருக்கியதைப் பார்த்தவர்கள் கூத்து சத்தமாக இருக்கிறது, ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்று குறைப்படுவது இயல்புதான். ஒரு முழு இரவுக்கென்று அளந்து வைத்த குரலையும் மீள்சொல்லையும் நாம் ஒரு மணி நேரத்துக்குள் திணித்துவிட்டோம்.

நகரத்து மேடைதான் கூத்துக்குப் பெயரும் பணமும் கொடுத்தது என்று இதற்கு மறுப்புச் சொல்வார்கள். உண்மையான மறுப்பு, எளிதில் தள்ள முடியாது. நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கியிருக்காவிட்டால், புரிசை ஊர்க் கூத்துக் குடும்பத்துத் தம்பிரான்களின் பெயரைப் படித்த வர்க்கம் இவ்வளவு மரியாதையோடு சொல்லியிருக்காது. ஊர்த் திருவிழாவில் கிடைக்காத விருதும் வெளிநாட்டுப் பயணமும் நகரத்தின் வழியாகத்தான் வந்தன. ஆனால் எத்தனை ஜமாக்களுக்கு வந்தன என்று பார்க்க வேண்டும். நகரம் ஓர் ஊரை, ஒரு குடும்பத்தை, ஒரு பாணியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அதையே கூத்தாகக் காட்டுகிறது. தர்மபுரி, மேட்டூர்ப் பக்கத்து ஜமாக்கள் அந்த வெளிச்சத்துக்கு வெளியே நின்றன. அந்தக் குறையைத் தீர்க்க முயன்றவர் மு. ஹரிகிருஷ்ணன். மேட்டூருக்குப் பக்கத்து ஏர்வாடியில் இருந்துகொண்டு 'மணல்வீடு' சிற்றிதழை நடத்துகிறவர்; கூத்துக் கலைஞர்களோடு வாழ்கிறவர். அவர் நடத்திய கலை இலக்கிய விழாக்களுக்கு எழுத்தாளர்களும் வாசகர்களும் வெளியூர்களிலிருந்து அந்தச் சிற்றூருக்கு வந்து, கூத்துக் கலைஞர்களுக்கு மரியாதை செய்வதைப் பார்த்து, இரவெல்லாம் கூத்து பார்த்தார்கள். கலைஞர் நகரத்துக்குப் போகாமலே நகரத்தின் கவனம் கலைஞரிடம் வர முடியும் என்பதற்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் எனக்குத் தெரியவில்லை. தர்மபுரியிலும் இதைச் செய்யலாம். விழா எதையும் புதிதாக ஏற்பாடு செய்யக்கூடத் தேவையில்லை. அந்த ஊர்களே வருசாவருசம் செய்துவைத்திருக்கின்றன.

அடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது. பாரதம் அம்மனுக்குச் செய்கிற சடங்கு. மழை வேண்டியும் பிள்ளை வேண்டியும் செய்வது. தபசு மரத்தடியில் ஈரச்சேலையோடு காத்திருக்கிற பெண்ணுக்கு அது கலைநிகழ்ச்சி அன்று. அங்கே கேமராவோடு போய் நிற்கிற வெளியூர்க்காரர் அந்த வேண்டுதலைக் காட்சிப்பொருளாக்கிவிட மாட்டாரா? ஆக்கிவிடுவார், தனியாக, ஒரு மணி நேரம் மட்டும், படம் எடுப்பதற்காக மட்டும் போனால். இதனால்தான் கூடிப் போக வேண்டும், முழு இரவும் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். தனியாக வருகிறவர் வேடிக்கை பார்ப்பவராகவே நின்றுவிடுகிறார். நாலைந்து பேர் தரையில் பாய்விரித்து உட்கார்ந்து, ஊர்க்காரர் கொடுத்த டீயைக் குடித்து, கட்டியங்காரன் தங்களையே கேலி செய்யும்போது சிரித்து, விடிகிறவரை இருந்தால் ஊர் அவர்களைக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறது. மேலும், பக்தியும் ரசனையும் இந்த ஊர்களில் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. அம்மனுக்காக ஆடுகிற ஆட்டமாக இருந்தாலும் போன வருசத்துக் கர்ணன் சரியில்லை என்று விடிந்ததும் டீக்கடையில் விவாதிக்கிற ஊர்க்காரர்கள் அவர்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, அந்தக் கூட்டத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதைப் பேசாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. 2012 நவம்பர் 7ஆம் தேதி இதே மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித் மக்கள் நுழையக்கூடாது என்று எழுந்த தகராறில் 2023 ஜூனில் பூட்டி முத்திரையிடப்பட்டதும் ஒரு திரௌபதி அம்மன் கோயில்தான். சபையில் அவமானப்பட்ட பெண்ணுக்கு நீதி கேட்கிற கதையை ஆடுகிற கோயில்களில் இப்படி நடக்கிறது என்பது நெஞ்சை அறுக்கிறது. அப்படியானால் அங்கே ஏன் போக வேண்டும் என்று கேட்பவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ப்ளூஸ் கலைஞர்களும் நிறவெறிச் சட்டங்கள் நடந்த ஊர்களில்தான் பாடினார்கள். வெளியிலிருந்து வந்த ரசிகர்கள் அவர்களை மேதைகளாக எதிர்கொண்டபோது, உள்ளூர் அவர்களுக்கு மறுத்த மரியாதை என்ன என்பது பலர் கண்ணில் பட்டது. அதனால் சட்டம் மாறவில்லை. சட்டத்தை மாற்றியது கறுப்பின மக்களின் போராட்டம். ரசிகரின் பயணத்துக்கு அவ்வளவு பெரிய வல்லமை இருப்பதாக நான் சொல்லமாட்டேன். ஆனால் எந்த ஊரில் எல்லாரும் ஒரே களத்தைச் சுற்றி உட்காருகிறார்களோ அந்த ஊருக்குப் போவதும், ஒதுக்கிவைக்கிற ஊரைத் தவிர்த்து அதற்கான காரணத்தை வெளிப்படையாகச் சொல்வதும் ரசிகர் கையில் இருக்கிறது. கூட்டமாகப் போகிறவர்கள் சொன்னால் அது விழா நடத்துகிறவர்கள் காதில் விழும்.

போகும் வழி கடினமானதில்லை. தர்மபுரி நகரத்துக்கு சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இரவு பகலாகப் பேருந்து உண்டு. சென்னை, கோவை ரயிலில் வருகிறவர்கள் மொரப்பூரில் இறங்கலாம். மேற்கே பாப்பாரப்பட்டி, பென்னாகரம் சாலையிலும் கிழக்கே அரூர், தீர்த்தமலைச் சாலையிலும் பங்குனி மாதத்தில் சுவரெல்லாம் பாரத நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். எந்த இரவு எந்தக் கதை, எந்த ஊர் ஜமா என்பது அதிலேயே இருக்கும். பகலில் நேரம் இருந்தால் தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. போரில் விழுந்தவனைக் கல்லில் நிறுத்தி வணங்கிய நாடு ஏன் படுகளத்தை இத்தனை உருக்கமாக ஆடுகிறது என்பதற்கு அங்கே விடை தேடலாம். மாலை கடைசி டவுன் பஸ்ஸுக்குள் ஊர் போய்ச் சேர்ந்து, கோயில் நிர்வாகிகளிடம் வந்த விவரத்தைச் சொல்லுங்கள். படுகளத்திலும் தபசு மரத்தடியிலும் படம் எடுப்பதானால் அனுமதி கேளுங்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். அடுத்த பங்குனிக்கு இன்றே நாலு பேரிடம் பேசிவையுங்கள். விடியும்வரை இருங்கள். வாத்தியாரின் பெயரையும் மிருதங்கக்காரரின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர்கள் பெயருக்கே மொய் எழுதுங்கள்.